லிவியாவாக நடித்த ஷான் பிலிப்ஸ்: குரலில் தொடங்கிய நடிப்பு வாழ்க்கை

பிபிசியின் 'ஐ, கிளாடியஸ்' தொலைக்காட்சித் தொடரில் ரோமப் பேரரசி லிவியாவாக வரும் நடிகை யார், நடிகர் பீட்டர் ஓ'டூலின் மனைவி என்பதைத் தாண்டி அவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம், அவர் நடித்தவற்றில் எதை முதலில் பார்ப்பது என்பது கேள்வி.

அவர் ஷான் பிலிப்ஸ். வேல்ஸைச் சேர்ந்தவர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பலர் 'சியான்' என்கிறார்கள். 'ஷான்' என்பதே சரியான உச்சரிப்பு. ஓ'டூலுடன் அவர் வாழ்ந்த இருபது ஆண்டுகள் அவருடைய கதையின் ஒரு பகுதி மட்டுமே. திருமணத்துக்கு முன்பே அவர் ஒரு தொழில்முறைக் கலைஞர். மணமுறிவுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் மேடையிலும் திரையிலும் வேலை செய்தவர். அவருடைய நடிப்பைப் புரிந்துகொள்ள முகத்தைவிடக் குரலைக் கவனிக்க வேண்டும். அந்தக் குரல் எங்கே உருவானது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1933 மே 14 அன்று தெற்கு வேல்ஸின் க்வைன்-கை-கிர்வென் என்ற ஊரில் பிறந்தார். ஆந்த்ரசைட் நிலக்கரியை நம்பி வாழ்ந்த சுரங்க ஊர் அது. ரக்பி ஆட்டத்தின் மாபெரும் வீரர்களில் ஒருவரான கேரத் எட்வர்ட்ஸ் வளர்ந்ததும் அங்கேதான். அப்பா எஃகு ஆலையில் வேலை பார்த்துவிட்டுக் காவல்துறையில் சேர்ந்தவர், அம்மா ஆசிரியை. வீட்டிலும் வெளியிலும் வெல்ஷ் மொழிதான். சிறுவயதில் அவருக்கு வேறு மொழி தெரியாது. ஆங்கிலத்தை வானொலி கேட்டுக் கேட்டே கற்றார். பிறந்தபோது வைத்த பெயர் ஜேன். பொன்டர்டாவே கிராமர் பள்ளியில் வெல்ஷ் பாடம் எடுத்த ஆசிரியர் அதன் வெல்ஷ் வடிவமான ஷான் என்று அழைக்க, அதுவே நிலைத்துவிட்டது.

அந்தப் பகுதியிலிருந்து இத்தனை நடிகர்கள் எப்படி வந்தார்கள் என்று பலர் வியக்கிறார்கள். சற்றுத் தெற்கே பொன்ட்ரிடிவென்னில் 1925இல் ரிச்சர்ட் பர்ட்டன் பிறந்தார். அதற்கும் பக்கத்தில் போர்ட் டால்பட்டில் 1937இல் அந்தனி ஹாப்கின்ஸ். இதற்கு விளக்கம் உண்டு. அன்றைய வேல்ஸில் நிரந்தரமான தொழில்முறை நாடகக் குழு என்று சொல்லும்படி எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் பேச்சுக் கலைக்கு இரண்டு வலுவான இடங்கள் இருந்தன. ஒன்று, சேப்பல் எனப்படும் சிறு புராட்டஸ்டன்ட் சபைகள். அங்கே பிரசங்கியார் தாழ்ந்த குரலில் நிதானமாகத் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, கடைசியில் ஏறக்குறையப் பாடுகிற அளவுக்குக் கொண்டுபோவார். குழந்தைகள் வாரந்தோறும் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். மற்றொன்று ஐஸ்டெத்வோட். கவிதை, பாட்டு, ஒப்பித்தல், நாடகம் ஆகியவற்றுக்குப் போட்டி வைக்கும் விழா அது. ஊரளவிலும் நடக்கும், ஆண்டுக்கு ஒருமுறை தேசிய அளவிலும் நடக்கும். ஒப்பித்தல் போட்டியில் காட்சியமைப்பு இல்லை, ஒளி இல்லை. ஒருவர் வந்து நின்று பேச வேண்டும். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், வரியின் பொருள் எங்கே உடைகிறது, கடைசி எழுத்து விழுங்கப்படுகிறதா என்று நடுவர்கள் பார்ப்பார்கள்.

ஷான் பிலிப்ஸ் 11 வயதிலேயே தேசிய ஐஸ்டெத்வோடில் பரிசு வாங்கியவர். அதே வயதில் பிபிசியின் வேல்ஸ் வானொலியில் நடிக்கத் தொடங்கினார். எந்த மேடைக்கும் முன்னால் அவருக்குக் கிடைத்த பள்ளி இது. வானொலி நாடகத்தில் முகம் உதவாது, கை அசைவு உதவாது. கோபம், தயக்கம், பொய் எல்லாமே ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையில் உள்ள சில அங்குலங்களில் நடக்க வேண்டும். குரலை உயர்த்தினால் கருவி தாங்காது. தாழ்த்தினால் இன்னும் நெருக்கமாகக் கேட்கும். இந்த விதி உடம்பில் ஊறிப்போனவர்களை எளிதில் அடையாளம் காணலாம்: மற்றவர்கள் கத்தும் இடத்தில் இவர்கள் குரலைக் குறைப்பார்கள். லிவியாவைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலமும் தத்துவமும் படித்து 1955இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே வேல்ஸ் பிபிசியில் அறிவிப்பாளராகவும் செய்தி வாசிப்பவராகவும் வேலை. பிறகு உதவித்தொகை பெற்று லண்டனில் உள்ள ராடா நாடகப் பள்ளியில் சேர்ந்தார். கிளெண்டா ஜாக்சனும் டயானா ரிக்கும் அதே காலத்தில் அங்கே படித்தவர்கள். இப்சனின் 'ஹெடா காப்லர்' நாடகத்தில் தலைப்புப் பாத்திரமாக நடித்து, பள்ளியின் உயரிய பரிசான பான்கிராஃப்ட் தங்கப் பதக்கம் வென்றார். மாணவியாக இருக்கும்போதே ஹாலிவுட்டிலிருந்து நீண்டகால ஒப்பந்தங்கள் வந்தன. மேடைக்காக அவற்றை மறுத்தார்.

அந்த மறுப்பின் விலையையும் பயனையும் இன்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. அன்றைய ஸ்டுடியோ ஒப்பந்தம் என்றால் பல ஆண்டுகளுக்குக் கட்டுண்டு கிடப்பது, எந்தப் படம் என்பதை ஸ்டுடியோவே முடிவுசெய்வது. இளம்பெண் பாத்திரங்கள் கிடைத்திருக்கும், பெயரும் வந்திருக்கும். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு அழைப்புகள் நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு அதிகம். மேடைக்குப் போனதால் புகழ் தாமதமாக வந்தது. ஆனால் எந்த வயதுக்கும் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும் நடிகையாக அவர் ஆனார். சரியான முடிவுதான் எடுத்தார் என்பது என் உறுதியான கருத்து.

1959 டிசம்பரில் பீட்டர் ஓ'டூலை மணந்தார். 1962இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' வெளிவந்தது, ஓ'டூல் உலகப் புகழ் பெற்றார். கேட், பட்ரீஷியா என்று இரண்டு மகள்கள். 1979இல் மணமுறிவு. இந்தக் காலத்தில் ஷான் நடிப்பை விட்டுவிட்டார் என்று சிலர் எழுதுவது தவறு. 1964இல் 'பெக்கெட்', 1965இல் லண்டன் மேடையில் டென்னசி வில்லியம்ஸின் 'தி நைட் ஆஃப் தி இகுவானா', 1969இல் 'குட்பை, மிஸ்டர் சிப்ஸ்', 1971இல் 'மர்ஃபிஸ் வார்', 1972இல் டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' என்று வேலை தொடர்ந்துகொண்டே இருந்தது. 'சிப்ஸ்' படத்தில் அர்சுலா மாஸ்பேங்க் என்ற ஆடம்பரமான மேடை நடிகையாகச் சிறிய வேடம். அதற்கே அமெரிக்காவின் தேசியத் திரைவிமர்சகர் சங்கம் சிறந்த துணை நடிகை விருதை அளித்தது. ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள படங்கள் எல்லாமே கணவரோடு நடித்தவை. அதனால் பத்திரிகைகள் அவரைக் கணவரின் நிழலிலேயே வைத்துப் பார்த்தன. அந்தக் காலத்தை அவரே 2001இல் வெளிவந்த 'பப்ளிக் பிளேசஸ்' என்ற தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். பிறப்பு முதல் லண்டன் நாட்கள் வரையிலான கதை 1999இல் வந்த 'பிரைவேட் ஃபேசஸ்' நூலில் இருக்கிறது. வேல்ஸ் கிராம வாழ்க்கையில் ஆர்வம் உள்ளவர்கள் முதல் நூலிலிருந்தே படிக்க வேண்டும். நேராக இரண்டாவதுக்குப் போனால் ஓ'டூல் கதைதான் மிஞ்சும்.

தொலைக்காட்சியில் அவருடைய பொற்காலம் 1974 முதல் 1982 வரை. 1974இல் பிபிசியின் 'ஷோல்டர் டு ஷோல்டர்': பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைச் சொல்லும் ஆறு பகுதிகள், அதில் போராட்டத் தலைவி எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் வேடம். அடுத்து 'ஹவ் க்ரீன் வாஸ் மை வேலி': வேல்ஸ் சுரங்கக் குடும்பத்தின் கதை, அதில் தாய் பெத் மார்கன். தந்தையாக நடித்தவர் ரோண்டா பள்ளத்தாக்கில் பிறந்த ஸ்டான்லி பேக்கர்; தொடர் ஒளிபரப்பாகி முடிந்த சில மாதங்களில், 1976 ஜூனில் காலமானார். இந்தத் தொடருக்கும் 'ஐ, கிளாடியஸ்' தொடருக்கும் சேர்த்தே 1977இல் ஷானுக்கு பாஃப்டா சிறந்த நடிகை விருது கிடைத்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம். ஒரே ஆண்டு இடைவெளியில், ஒன்றில் பிள்ளைகளைக் காக்கிற தாய். மற்றதில் மகனை அரியணையில் ஏற்றுவதற்காகக் குடும்பத்தையே ஒவ்வொருவராக அழிக்கிற தாய்.

இனி லிவியா. 'ஐ, கிளாடியஸ்' 1976 செப்டம்பர் 20 முதல் பிபிசி இரண்டாவது அலைவரிசையில் ஒளிபரப்பானது. ராபர்ட் கிரேவ்ஸின் இரண்டு நாவல்களை ஜாக் புல்மன் திரைக்கதையாக்க, ஹெர்பர்ட் வைஸ் இயக்கினார். ரோமப் பேரரசே கதைக்களம் என்றாலும் ஒரு குதிரைப்படைகூடக் கண்ணில் படாது. எல்லாமே லண்டன் தொலைக்காட்சி மையத்தின் ஸ்டுடியோவுக்குள் வீடியோ நாடாவில் பதிவானவை. இன்று முதல்முறை பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒளி தட்டையாகத் தெரிகிறது, சுவர்கள் அட்டை போல இருக்கின்றன, நடிகர்கள் நாடகம் போலப் பேசுகிறார்கள் என்று இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அன்று வேலை நடந்த முறையைத் தெரிந்துகொண்டால் அந்தத் தடை நீங்கும்.

அக்கால பிபிசி நாடகங்களில் நடிகர்கள் முதலில் ஒத்திகை அறையில் நாட்கணக்கில் பயிற்சி செய்வார்கள். தரையில் வண்ண நாடாக்களை ஒட்டி அறைகளின் எல்லையைக் குறித்திருப்பார்கள். கதவு இருக்கும் இடத்தில் ஒரு கம்பம் நிற்கும். பிறகுதான் ஸ்டுடியோ. பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். எந்தக் கேமராவின் படம் நாடாவுக்குப் போக வேண்டும் என்பதை மேலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்தக் கணத்திலேயே மாற்றிக்கொண்டிருப்பார். வழக்கமாக இரவு 10 மணிக்கு ஸ்டுடியோ விளக்குகள் அணைந்துவிடும். அதற்குள் முடிக்காத காட்சி பெரிய தலைவலி. அதனால் ஐந்து, ஆறு நிமிடக் காட்சிகளை நிற்காமல் நடித்தாக வேண்டும். ஒருவர் வசனம் மறந்தால் தொடக்கத்திலிருந்து மறுபடியும். ஒரு நடிகர் தவறான குறியில் நின்றால் அடுத்தவரின் முகம் மறையும், அல்லது ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிச் சரிசெய்ய வழி மிகக் குறைவு. மேடைப் பயிற்சி உள்ளவர்கள் இந்த முறையில் ஏன் மின்னினார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

லிவியா வேடத்தின் பெரிய சிக்கல் வயது. கதை தொடங்கும்போது அவள் நடுவயதைத் தொடாதவள், கி.பி. 29இல் இறக்கும்போது 86. ஷானுக்கு அப்போது 43. மகன் டைபீரியஸாக நடித்த ஜார்ஜ் பேக்கர் அவரைவிட இரண்டு வயது மூத்தவர்! மருமகள் அன்டோனியாவாக வந்த மார்கரெட் டைசாக்கும் அப்படியே. பேரன் கிளாடியஸாக நடித்த டெரெக் ஜாக்கபி ஐந்தே வயது இளையவர். முதுமைக்கான ஒப்பனை ஸ்டுடியோவின் கடும் வெளிச்சத்தில் எளிதில் வெளுத்துப்போகும். வியர்வையில் ஓரங்கள் கிளம்பும், நெருக்கக் காட்சியில் தோல் ரப்பராகத் தெரியும், கன்னத் தசைகள் இயல்பாக அசையாது. அதனால் முதுமையை ஒப்பனையின் பொறுப்பில் மட்டும் விட முடியாது. ஷான் அதைக் குரலிலும் நடையின் வேகத்திலும் கொண்டுவருகிறார். முதல் பகுதிகளில் வாக்கியங்கள் மளமளவென்று ஓடும். கடைசிப் பகுதியில் இரண்டு சொற்களுக்கு நடுவில் மூச்சு கேட்கும். தலையைத் திருப்புவதற்கு முன்பே கண்கள் திரும்பிவிடும். ஆனால் சொற்களின் கூர்மை துளியும் குறையாது. உடல் தளர்ந்தும் மூளை தளராத கிழவி என்பது இப்படித்தான் உருவாகிறது.

அந்தப் பாத்திரம் அவருக்கு உடனே கைகூடவில்லை. ஒத்திகையில் லிவியாவின் கொலைகளுக்கு உள்ளுக்குள் நியாயம் தேடி, அவளை நல்லவளாகப் புரிந்துகொள்ள முயன்றார், எதுவும் ஒட்டவில்லை. தயங்காமல் தீயவளாகவே இரு, எவ்வளவு தீமையோ அவ்வளவு வேடிக்கையாகவும் அவ்வளவு பயங்கரமாகவும் இருக்கும் என்று இயக்குநர் வைஸ் சொன்ன பிறகுதான் வழி திறந்தது என்று பின்னாளில் ஷானே விளக்கியிருக்கிறார். நடிப்பு பயில்பவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எந்தப் பாத்திரத்துக்கும் உள்ளே ஒரு நியாயம் வேண்டும் என்பது பொதுவாக நல்ல அறிவுரை. ஆனால் அந்த நியாயத்தைப் பார்வையாளரிடம் மன்றாடிக் காட்டத் தொடங்கினால் பாத்திரம் மெலிந்துவிடும். லிவியா யாரிடமும் விளக்கம் தர வேண்டிய நிலையில் இருப்பவள் இல்லை. அதைப் பிடித்ததும் ஷானின் நடிப்பில் ஒரு சுதந்திரம் வருகிறது. கிளாடியேட்டர்களை, அதாவது அரங்கில் உயிரைப் பணயம் வைத்து மோதும் வீரர்களை, கூட்டி வைத்து, உயிர்பிழைக்கும் தந்திரங்களை விட்டுவிட்டு ஒழுங்காகச் சண்டை போடுங்கள் என்று ஒரு நிர்வாகியைப் போலக் கண்டிக்கும் காட்சியைப் பாருங்கள். குரலில் வெறி இல்லை. கணக்குப் பார்க்கும் எரிச்சல் மட்டும்தான்.

லிவியாவின் கணவரான பேரரசர் அகஸ்டஸ் சாகும் காட்சி தொலைக்காட்சி வரலாற்றில் தனி இடம் பெற்றது. விஷத்துக்குப் பயந்து தன் கையால் மரத்திலிருந்து பறித்த அத்திப்பழத்தைத் தவிர வேறெதையும் அகஸ்டஸ் உண்பதில்லை. லிவியா மரத்தில் இருக்கும் பழங்களிலேயே விஷத்தைத் தடவிவிடுகிறாள். படுக்கையில் கிடக்கும், அகஸ்டஸாக நடித்த பிரையன் பிளெஸ்ஸடின் முகத்தை விட்டுக் கேமரா நிமிடக்கணக்கில் நகராது. லிவியாவின் குரல் மட்டும் சட்டகத்துக்கு வெளியிலிருந்து அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சினூடே முகத்திலிருந்து உயிர் போவதை நாம் உணர்கிறோம். பிளெஸ்ஸடின் அசையாத முகத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள், தகும். ஆனால் அந்தக் காட்சியைத் தாங்குவது படத்தில் இல்லாதவரின் குரல். பதினோரு வயதில் ஒலிவாங்கிக்கு முன்னால் கற்ற கலை அங்கே முழுமையாக வெளிப்படுகிறது. முடிந்ததும் வெளியே வந்து, அத்திப்பழத்தைத் தொடாதே என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

வரலாற்றில் உண்மையான லிவியா இப்படிச் செய்தாளா என்று அடுத்த கேள்வி வரும். அத்திப்பழக் கதை ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ பதிவு செய்த ஒரு வதந்தி. இன்னொரு ரோம வரலாற்றாசிரியரான டாசிடஸும் அவள் மீது சந்தேகத்தைத் தூவுகிறார். ஆதாரம் எதுவும் இல்லை. கிரேவ்ஸ் அந்த வதந்திகளை எல்லாம் உண்மையென்று எடுத்துக்கொண்டு நாவல் எழுதினார்.

பகுதி எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. முதல் இரண்டு பகுதிகள் ஒளிபரப்பின்போது சேர்ந்து ஒன்றாக வந்தன. அதனால் சில பதிப்புகளில் 12, சிலவற்றில் 13 என்று இருக்கும். அகஸ்டஸின் மரணம் 'பாய்சன் இஸ் குவீன்' என்ற பகுதியில். லிவியாவின் மரணம் 'குவீன் ஆஃப் ஹெவன்' பகுதியில். எண்ணை நம்பாமல் தலைப்பைப் பார்த்துத் தேடுங்கள். நேரம் குறைவென்றாலும் முதல் பகுதியிலிருந்து 'குவீன் ஆஃப் ஹெவன்' வரை வரிசையாகவே பாருங்கள். அந்தக் கடைசிப் பகுதியில், தான் செய்த கொலைகளுக்காக நரகத்தில் எரிய வேண்டியிருக்குமே என்று அஞ்சி, தன்னைத் தெய்வமாக்கும்படி கிளாடியஸிடம் கெஞ்சுகிறாள். முன்பகுதிகளைப் பார்க்காமல் அந்தப் பயத்தின் கனம் புரியாது. உண்மை வரலாற்றில், பின்னர் பேரரசரான கிளாடியஸ் கி.பி. 42இல் அவளுக்குத் தெய்வப் பட்டம் வழங்கினார்.

அதன் பிறகான தொலைக்காட்சி வேடங்களில் 1979இன் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' முக்கியமானது. அலெக் கின்னஸ் நடித்த உளவாளி ஸ்மைலியை ஏமாற்றிய மனைவி ஆன் பற்றித் தொடர் முழுக்க எல்லோரும் பேசுவார்கள். அவள் நேரில் வருவது கடைசிப் பகுதியில்தான். வந்த சில நிமிடங்களில், இத்தனை பேர் பேசியதற்கு ஈடான ஒரு பெண்ணை நிறுத்திக் காட்ட வேண்டும். ஷான் அதைச் செய்கிறார், அநேகமாகக் குரலை உயர்த்தாமலே. திரைப்படங்களில் 1981இன் 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' அரசி கேசியோபியா, 1984இல் டேவிட் லிஞ்சின் 'டியூன்' படத்தில் நாயகனின் கையை வலிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லும் மூத்த துறவி, 1993இல் ஸ்கோர்செசியின் 'தி ஏஜ் ஆஃப் இன்னசன்ஸ்'. புதிய 'டியூன்' பார்த்தவர்கள் பழையதில் அந்த ஒரு காட்சியையாவது பார்க்கலாம்.

மேடையில் அவர் எடுத்த துணிச்சலான திருப்பம் இசை நாடகம். 47 வயதில், 1980இல், கிழக்கு லண்டனின் ஹாஃப் மூன் என்ற சிறு அரங்கில் 'பால் ஜோயி'. பணக்கார வெரா சிம்ப்சனாகப் பாடினார். நாடகம் பெரிய அரங்குக்கு மாறியது. பயிற்சி பெற்ற பாடகி அல்ல என்பதால் தாழ்ந்த சுருதியில், பேச்சுக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். சொல் தெளிவாக விழும் பாடல்களுக்கு இது பெரும் பலம். நீண்ட உச்சஸ்தாயிகளுக்குப் பொருந்தாது. அவர் தேர்ந்தெடுத்த வேடங்களும் அதற்கேற்றவையே. 1995இல் லண்டன் தேசிய அரங்கின் 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்தில் ஜூடி டென்ச்சுக்கு அம்மாவாக நடித்தார். இருவருக்கும் உண்மையில் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். பாம் ஜெம்ஸ் எழுதிய 'மார்லீன்' நாடகத்தில் திரை நடிகையும் பாடகியுமான மார்லீன் டீட்ரிச்சாக நடித்து, 1999இல் பிராட்வேயில் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். டீட்ரிச்சும் குரல் வீச்சை நம்பாமல் சொல்லை நம்பிப் பாடியவர் என்பதால் அந்த வேடம் அவருக்குப் பாந்தமாகப் பொருந்தியது. 2010இல், 76 வயதில், பிரிஸ்டல் ஓல்ட் விக் அரங்கில் ஜூலியட் வேடம். ரோமியோவும் ஜூலியட்டும் முதியோர் இல்லத்தில் சந்திப்பதாக அமைத்த தயாரிப்பு அது.

வேல்ஸில் பிறந்து வெல்ஷ் பேசி வளர்ந்தவர் ஏன் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடித்தார்? வாய்ப்பு இருந்த இடம் அதுதான். வெல்ஷ் மொழிக்கென்று தனித் தொலைக்காட்சி அலைவரிசை 1982 நவம்பர் 1 அன்றுதான் தொடங்கியது, அதுவும் கடுமையான போராட்டத்துக்குப் பிறகு. வெல்ஷ் மொழிக்கான தேசிய நாடக நிறுவனம் 2003இல் வந்தது. ஷானின் தலைமுறைக்கு வானொலி, ஐஸ்டெத்வோட், ஊர் ஊராகச் செல்லும் நாடகங்கள், இவைதான் தாய்மொழி மேடை. அவற்றில் அவர் இளமையிலேயே உழைத்தார். ஐஸ்டெத்வோடின் கவிஞர் அவையான கோர்செத் அவரை உறுப்பினராக ஏற்றுக் கௌரவித்தது. பிரிட்டிஷ் அரசின் சிபிஇ விருது 2000இலும், டேம் பட்டம் 2016இலும் கிடைத்தன.

அந்த நாடகங்களை இப்போது நேரில் காண முடியாது என்றாலும் இரண்டின் ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம்: 1980இன் லண்டன் 'பால் ஜோயி', 1995இன் தேசிய அரங்கு 'எ லிட்டில் நைட் மியூசிக்'. இரண்டாவதில் 'லியேசன்ஸ்' என்ற பாடலைத் தேடிக் கேளுங்கள். வயதான சீமாட்டி ஒருத்தி தன் பழைய காதலர்களைக் கணக்கெடுக்கும் பாடல் அது. 'ஐ, கிளாடியஸ்' பார்த்துவிட்டுக் கேட்டால், வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அரை நொடி நிறுத்தும் அதே பழக்கம் காதில் விழும்.

வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன்: முதலில் 'ஐ, கிளாடியஸ்', உடனே 'ஹவ் க்ரீன் வாஸ் மை வேலி', பிறகு 'ஷோல்டர் டு ஷோல்டர்', அதன்பின் 'டிங்கர் டெய்லர்'. 'டிங்கர் டெய்லர்' தொடரில் கடைசிப் பகுதிக்கு நேராகத் தாவ வேண்டாம். ஏழு பகுதிகளையும் பார்த்தால்தான் ஆன் நேரில் வரும்போது அவளை எதற்காகக் காத்திருந்தோம் என்று புரியும்.